மூன்றாம் பக்கத்தில் தொலைந்த சுருளி

எட்டுப் பக்கப் படக்கதை ஒன்று வரைய உட்கார்ந்தேன், சுருளி என்ற செதில் பிராணிதான் நாயகி. மூன்றாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்துக்கு மை போட்டு முடித்து, காயட்டும் என்று முதல் பக்கத்தை ஒட்டி வைத்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் உறைத்தது, இரண்டிலும் இருப்பது ஒரே ஆள் இல்லை. முதல் பக்கத்தில் இருந்தவள் குட்டையாக, கொஞ்சம் பயந்த சுபாவத்தோடு, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் பக்கத்தில் அவளுடைய அக்கா மாதிரி ஒருத்தி, நெட்டையாக, நிமிர்ந்து, சின்னத் தலையோடு. செதில், வால், ஏப்ரன் எல்லாம் அப்படியே இருக்கின்றன, ஆள்தான் மாறிவிட்டாள். படிக்கிறவருக்கு எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்பது கட்டாயம் தெரியும்.

அந்த மூன்று பக்கங்களையும் ஓரமாக வைத்துவிட்டு, பாத்திரத்தைத் திரும்ப அடியிலிருந்து கட்டினேன். ஏறக்குறைய ஐந்து வாரம், மாலை நேரங்களில் மட்டும். எது உடைந்தது, எதை மாற்றிய பிறகு சரியானது என்பதை எழுதிவைக்கிறேன், சொந்தமாக ஒரு பாத்திரத்தை உருவாக்கிக் கதைக்குள் நடக்கவிடப் போகிறவர்களுக்கு உதவும். ஒரு படம் அருமையாக வந்ததும் பாத்திரம் ரெடி என்று நினைத்துவிட்டேன், அங்கேதான் சறுக்கியது. அருமையாக வந்த ஒரு படம் வெறும் படம்தான். அதே ஆளை ஐம்பதாவது தடவை, முதுகைக் காட்டியபடி, கட்டைவிரல் அளவுக் கட்டத்துக்குள், அவசரத்தில் வரைந்தாலும் அவளாகவே வந்து நின்றால்தான் அது பாத்திரம்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். சுருளி ஓர் அழுங்கு, எறும்புதின்னி என்றும் சொல்வோமே, உடம்பெல்லாம் செதில் போர்த்திய பிராணி. பூட்டு ரிப்பேர் செய்கிறவள். அழுங்கின் முன்னங்காலில் நீளமான வளைந்த நகங்கள் உண்டு, புற்றைத் தோண்ட. அந்த நகத்தைப் பார்த்தவுடனேயே இது பூட்டுக்குள் நுழைக்கிற கம்பி என்று தோன்றிவிட்டது, தொழில் அங்கிருந்து வந்தது. அழுங்கு பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், யாராலும் எளிதில் பிரிக்க முடியாது. எல்லோருடைய பூட்டையும் திறக்கிறவள் தான் பயந்தால் தன்னையே பூட்டிக்கொள்கிறாள். பெயரும் அதிலேயே கிடைத்துவிட்டது.

இன்னொருவன் மதி, ஒரு வெள்ளைக் கொக்கு. சாவி தொலைந்த ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறான், திறந்து கொடுக்காமல் போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நிஜமாகவே ஒற்றைக்காலில் நிற்கிறான். கொக்குக்கு ஒன்றே மதி என்ற பழமொழியை வைத்துத்தான் அவனுக்குப் பெயர். பிடிவாதம் என்று வசனத்தில் எழுதவே வேண்டாம், அவன் நிற்கிற நிலையே சொல்லிவிடும். பாத்திரம் யோசிக்கும்போது நம் மொழியில் ஏற்கெனவே கிடக்கிற இந்த மாதிரிச் சொலவடைகளைத் துழாவிப் பாருங்கள், பாதி வேலை அதில் முடிந்திருக்கும்.

சரி, உடைந்த இடங்களுக்கு வருகிறேன். முதலாவது செதில்.

நான் வரைந்த முதல் சுருளி படத்தில் செதில்களை எண்ணிப் பார்த்தேன், 134 இருந்தன. ஒவ்வொன்றும் கூரை ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று படிந்து, ஓரத்தில் மெல்லிய கோடு போட்டு, நிழல் கொடுத்து வரைந்தது. பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. அந்த ஒரு உருவத்துக்கு 40 நிமிடம் பிடித்தது. கதையில் மொத்தம் 46 கட்டங்கள், அதில் 38-இல் சுருளி வருகிறாள். கணக்குப் போட்டால் அவளுக்கு மட்டும் 25 மணி நேரத்துக்கு மேல். நேரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கை களைக்கக் களைக்கச் செதிலின் அளவு பெரிதாகிக்கொண்டே போனது, எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது, செதில் வரிசை திரும்புகிற இடத்தில் உடம்பின் வளைவே மாறிப்போனது. மூன்றாம் பக்கத்து அக்காவுக்கு இதுவும் ஒரு காரணம். மேற்பரப்பில் இருக்கிற விவரத்தைச் சரியாக அடுக்குவதிலேயே கவனம் போய்விட்டால் அடியில் இருக்கிற உடம்பைப் பார்க்கவே மாட்டோம்.

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. அவளிடம் அந்த முதல் படத்தைப் பத்து விநாடி காட்டி, மறைத்துவிட்டு, ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னேன். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்:

"முதலைதானே சித்தி?"

மூக்கு நீளம், உடம்பில் செதில், பின்னால் தடித்த வால். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அவள் வரைந்ததில் வால் இருந்தது, ஏப்ரன் இருந்தது, ஏப்ரனில் ஒரே ஒரு பை இருந்தது. நான் 40 நிமிடம் செலவழித்த செதிலுக்குப் பதிலாக முதுகில் நாலு வளைகோடு போட்டிருந்தாள். அந்தத் தாளை நான் இன்னும் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன், ஏனென்றால் எது மிஞ்சும், எது மிஞ்சாது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாத்திரம் வரைகிற யாரும் இந்தச் சோதனையைச் செய்துபார்க்கலாம். குழந்தைதான் வேண்டும் என்பதில்லை, படம் வரையாத பெரியவர்கள் இன்னும் நல்லது.

செதிலைக் குறைத்த விதம் இது. முதுகின் வெளிக்கோட்டில் மட்டும் ரம்பம் மாதிரி ஏழு பற்கள். உள்ளே மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று, எல்லாம் திறந்த வளைகோடு, எதையும் முழுதாக மூடுவதில்லை. வாலில் நான்கு பட்டை. இவ்வளவுதான். மொத்தம் இருபது கோடு. வெளிக்கோட்டில் பல் தெரிந்தால் உள்ளே எல்லாம் செதில்தான் என்று கண் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. கட்டம் சின்னதாக இருந்தால் உள்வரிசைகளையும் விட்டுவிடுவேன், ஏழு பல்லை மட்டும் விடமாட்டேன். எந்த விவரம் எந்த அளவில் போகலாம் என்பதையும் பாத்திரத்தை உருவாக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். கட்டத்துக்குள் வந்தபிறகு யோசித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு முடிவு எடுப்போம்.

அப்புறம் முதலைப் பிரச்சினை. இது நிழலுருவத்தில் தீர வேண்டிய விஷயம். பாத்திரத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பார்த்தால் அது யார், என்ன செய்கிறது என்பது தெரிய வேண்டும், இது எல்லோரும் சொல்கிற பழைய சோதனைதான். என் சுருளியைக் கறுப்பாக நிரப்பினால் நிமிர்ந்து நிற்கிற ஒரு முதலையேதான் தெரிந்தது. காரணம், நான் அவளை மனிதர் மாதிரி நேராக நிறுத்தியிருந்தேன். நிஜ அழுங்கு எப்படி நிற்கிறது என்று படங்களையும் காணொளிகளையும் பார்த்தேன். ஆப்பிரிக்காவில் இருக்கிற ஒரு வகை பெரும்பாலும் பின்னங்கால்களாலேயே நடக்கிறது. முதுகு வில்லாக வளைந்து, முன்னங்கால் இரண்டும் நெஞ்சோடு மடங்கி, வால் தரையைத் தொடாமல் பின்னால் நீண்டு சமநிலை பார்த்துக்கொள்ள, தலை குனிந்து, ஏதோ யோசனையில் கைகளைப் பிசைந்துகொண்டே போகிற ஒருவர் மாதிரி இருக்கும். அதைப் பார்த்தவுடன் எனக்குச் சுருளி கிடைத்துவிட்டாள். பயந்த சுபாவம் என்று முகத்தில் நான் திணிக்கப் பார்த்ததெல்லாம் அந்த முதுகிலேயே இருந்தது.

அந்த வளைவைப் பென்சிலில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு தடவை கை தானாக 'உ' எழுதிவிட்டது. மேலே சுழி, அங்கிருந்து வளைந்து இறங்கி, கீழே வலப்பக்கம் நீளும் கோடு. சுழி அவளுடைய குனிந்த தலையும் மடங்கிய கையும், வளைவு முதுகு, கீழ்க்கோடு வால். எத்தனையோ ஆயிரம் தடவை எழுதிப் பழகிய எழுத்து, கைக்கு மறக்கவே மறக்காது. அன்றிலிருந்து எந்தக் கட்டத்திலும் சுருளியை ஆரம்பிக்கும்போது முதலில் மெல்லிதாக ஓர் 'உ' போடுகிறேன். ஓடினால் 'உ' முன்னால் சாய்கிறது, பயந்தால் சுழி இறுகுகிறது, முழுக்கச் சுருண்டால் வால்கோடும் மேலே ஏறிச் சுழியை மூடிவிடுகிறது. அவள் இடப்பக்கம் பார்த்து நின்றால் நேர் 'உ', வலப்பக்கம் பார்த்தால் திருப்பிப் போட்ட 'உ', அதற்குக் கொஞ்சம் பயிற்சி தேவைப்பட்டது.

மதிக்கும் அதே வழியில் தேடினேன். அவனுக்குக் கிடைத்தது துணைக்கால். 'கா' எழுதும்போது பின்னால் வருமே, அந்த 'ா'. இடப்பக்கக் கோட்டைக் கொஞ்சம் குட்டையாக்கினால் தொங்கும் அலகு, மேலே வளைவு கழுத்து, வலப்பக்க நெடுங்கோடு ஒற்றைக்கால். அதன் பெயரே கால் என்று அமைந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று உருண்டை, ஒன்று கோடு. ஒருவர் தரையோடு, ஒருவர் உயரத்தில். கறுப்பாக நிரப்பிச் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னதாக்கினாலும் யார் எவர் என்று குழப்பமே இல்லை.

இனி அளவு. முதல் பக்கத்துச் சுருளியை அடிக்குச்சி வைத்து அளந்தேன்: தலை 20 மில்லிமீட்டர், மொத்த உயரம் 60. மூன்று தலை உயரம். மூன்றாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் தலை 17, உயரம் 63. கிட்டத்தட்ட மூன்றே முக்கால் தலை. வளர்ந்த மனிதருக்கு ஓவியத்தில் ஏழு, ஏழரைத் தலை வைப்பார்கள். கார்ட்டூனில் தலை எண்ணிக்கை குறையக் குறைய உருவம் குழந்தைத்தனமாகத் தெரியும், கூடக்கூட வயதும் தெம்பும் ஏறும். முக்கால் தலை என்பது ஏழரைத் தலை உருவத்தில் கண்ணில் படாமல்கூடப் போகலாம், மூன்று தலை உருவத்தில் அது கால்வாசி. மூன்றாம் பக்கத்து அக்கா எங்கிருந்து வந்தாள் என்பதற்கு விடை அதுதான். எனக்கு மனித உடம்பு வரைந்து பழகிய கை, கவனிக்காத நேரத்தில் எல்லாவற்றையும் மனித அளவை நோக்கி இழுத்துக்கொண்டு போகிறது. உங்கள் கைக்கும் இப்படி ஓர் இழுப்பு இருக்கும், எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து வையுங்கள்.

அதனால் புதுச் சுருளியை இரண்டரைத் தலையில் நிறுத்தினேன். இழுத்தாலும் மூன்றுக்குள் நிற்கும். அப்புறம் மாடல் ஷீட் போட்டேன், பாத்திரத்தின் அளவையும் கோணங்களையும் பார்த்து வரைய வைத்துக்கொள்கிற மாதிரித் தாள். ஒரே தாளில் கிடைமட்டமாக நாலு கோடு, உச்சி, தாடை, இடுப்பு, பாதம். அந்தக் கோடுகளுக்குள் முக்கால் பார்வை (முன்புறத்துக்கும் பக்கவாட்டுக்கும் நடுவே), பக்கவாட்டு, பின்புறம், சுருண்ட நிலை. பக்கத்திலேயே மதி, அதே தரைக்கோட்டில். மதியின் இடுப்பு மடிப்புக்குச் சுருளியின் உச்சி வரும் என்று குறித்துக்கொண்டேன், இந்த ஒரு குறிப்பு பின்னால் எத்தனை தடவை கைகொடுத்தது என்று சொல்லி முடியாது. இருவர் சேர்ந்து நிற்கிற கட்டத்தில் தனித்தனி அளவைவிட ஒருவருக்கு ஒருவர் எவ்வளவு என்பதுதான் முதலில் தவறும்.

மேலே முன்பார்வை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நீள மூக்கு உள்ள எந்தப் பாத்திரத்துக்கும் நேர் முன்பார்வை தலைவலி. மூக்கு நம்மை நோக்கி நீள்கிறது, தாளில் அது ஒரு வட்டமாகச் சுருங்கிவிடுகிறது, வாய் எங்கே வைப்பது என்றே தெரியாது. ஒரு வாரம் இதோடு மல்லுக்கட்டினேன். நிழல் போட்டுப் பார்த்தேன், மூக்கைக் குட்டையாக்கிப் பார்த்தேன், களிமண்ணில் தலையை உருட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். களிமண்ணில் சரியாக இருந்தது கோட்டில் வேறு யாரோவாக இருந்தது. கடைசியில் சுருளிக்கு முன்பார்வையே கிடையாது என்று விதி வைத்துவிட்டேன். அவள் படிக்கிறவரை நேராகப் பார்க்கவே மாட்டாள். கூச்ச சுபாவக்காரிக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. மிக்கி மவுஸின் காதுகள் தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு முழு வட்டங்களாகவே நிற்கும், நிஜத்தில் அப்படி ஒரு காது இருக்க முடியாது. முப்பரிமாணத்தில் சரியா என்பதைவிட அவராகத் தெரிகிறாரா என்பதற்குக் கார்ட்டூனில் மதிப்பு அதிகம். களிமண் மாதிரி செய்துபார்ப்பது நல்லதுதான், ஆனால் அதற்குக் கட்டுப்பட வேண்டாம்.

முகபாவத்துக்கு வருகிறேன். அழுங்குக்குக் கண் சின்னது, புருவம் கிடையாது, வாய் மூக்குக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. பல்லும் இல்லை, சிரிக்க வைக்கவும் வழியில்லை. முதல் வடிவத்தில் நான் அவளுக்கு மனிதப் புருவம் ஒட்டியிருந்தேன், செதிலுக்கு மேல் மயிர்க்கோடு, அது முழுக்க அந்நியமாக இருந்தது. தீர்வு அவள் உடம்பிலேயே இருந்தது. நெற்றியின் கடைசி வரிசையில் இருக்கிற இரண்டு செதிலைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஏறி இறங்கக் கூடியதாக வைத்துக்கொண்டேன். கோபத்தில் இரண்டும் நடுவில் இறங்கும், ஆச்சரியத்தில் பின்னால் தூக்கும், சந்தேகத்தில் ஒன்று மட்டும் எழும். புருவம் கிடைத்துவிட்டது, அதே சமயம் அவளுக்குச் சொந்தமில்லாத ஒரு கோடும் சேரவில்லை. கண் வெறும் புள்ளியாகவே இருக்கட்டும் என்று விட்டேன்.

1845-இலேயே ஜெனீவாவின் ரொடால்ஃப் டாப்ஃபர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார், படக்கதையின் முன்னோடிகளில் ஒருவர் அவர். எவ்வளவு மோசமாக வரைந்த முகமாக இருந்தாலும் அதற்கு ஒரு பாவம் உண்டு, அதனால் முகங்களை மாற்றி மாற்றிக் கிறுக்கிக்கொண்டே போய் எந்தக் கோடு எந்தக் குணத்தைக் கொண்டுவருகிறது என்று பார்க்கலாம் என்பது அவர் வழி. நான் அதை அப்படியே செய்தேன். சுருளியின் தலையை ஒரு தாளில் முப்பது தடவை வரைந்து, நெற்றிச் செதில் இரண்டையும் மட்டும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாற்றினேன், என்ன பாவம் என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல். முடித்தபின் ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர் எழுதினேன். அசடு வழிவது, பொய் சொல்வது, தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பது எல்லாம் வந்திருந்தன. யோசித்து வரைந்திருந்தால் சந்தோஷம், துக்கம், கோபம், பயம் என்ற நாலோடு நின்றிருப்பேன். கதைக்குத் தேவையான ஏழை எடுத்து மாடல் ஷீட்டில் சேர்த்தேன்.

மதியால் வந்த சிக்கல் வேறு மாதிரி. கொக்கு உயரம். கட்டத்தில் பேச்சு பலூன் வைக்கிற இடம் மேல் மூன்றில் ஒரு பங்கு. மதியின் தலையும் சரியாக அங்கேதான் இருக்கிறது. ஓரமாக வைத்த அந்த மூன்று பக்கங்களில் நான் முதலில் படத்தை முடித்துவிட்டுக் கடைசியில் வசனம் எழுதப் போனேன், பலூன் எல்லாம் அவன் அலகின் மேலோ சுருளியின் தலைமேலோ விழுந்தது. இடம் பண்ண அவனைக் குட்டையாக்கினேன், உடனே துணைக்கால் போய்விட்டது.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மை. நம் சொற்கள் நீளம். 'திறந்துகொடுத்துவிடுங்கள்' என்று ஒரே சொல் ஒரு வரியை நிரப்பிவிடும். குறுகலான, உயரமான பலூனில் அதை வைத்தால் நடுவில் உடைக்க வேண்டும், உடைத்தால் படிப்பு தடுக்கும். உடைத்தே தீர வேண்டுமென்றாலும் கொம்பை ஒரு வரியிலும் எழுத்தை அடுத்த வரியிலும் விட்டுவிடக் கூடாது. மேலே விசிறியும் கீழே கொக்கியுமாக நம் எழுத்துகளுக்கு இடைவெளியும் கூடுதலாகத் தேவை, வரிகளை நெருக்கினால் மேல்வரியின் 'பூ'வும் கீழ்வரியின் 'தீ'யும் முட்டிக்கொள்ளும். ஆக, தமிழ்ப் பலூன் அகலமானது. அகலமான பலூன் உயரமான பாத்திரத்தோடு மோதும்.

இரண்டு மாற்றம் செய்தேன். முதலாவது, இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் வசனத்தைத்தான் முதலில் பென்சிலில் எழுதுகிறேன், நிஜ அளவில், பலூன் எல்லையோடு. மிச்சம் இருக்கிற இடம்தான் ஆட்களுக்கு. அந்தப் பழக்கம் வந்ததும் வசனமும் தானாகவே சுருங்கியது, 'திறந்துகொடுத்துவிடுங்கள்' என்பது 'திறங்க' ஆனது, மதியின் பிடிவாதத்துக்கு அதுதான் சரி. இரண்டாவது, நிஜக் கொக்கு கழுத்தை மடக்கித் தோளுக்குள் வைத்துக்கொள்ளும். மதி பேசாமல் காத்திருக்கிற கட்டங்களில் கழுத்து மடங்கியிருக்கும், உயரம் பாதியாகிவிடும், பலூனுக்கு இடம் கிடைக்கும். பேச வாயெடுத்தால் கழுத்து நீளும். கதையின் நடுவில் அவன் முழுதாக நிமிர்கிற ஒரே இடத்தில் கட்டத்தின் மேல்கோட்டை உடைத்துக்கொண்டு தலை வெளியே போகிறது, அங்கே வசனமே இல்லை. இட நெருக்கடிக்காகச் செய்தது பாத்திரத்தின் நடிப்பாகவே மாறிவிட்டது, இந்த வேலையில் எனக்கு மிகவும் சந்தோஷம் தந்த இடம் அது.

அவன் வெள்ளை என்பதும் ஒரு தொல்லை. வெள்ளைத் தாளில் வெள்ளைப் பறவை, பின்னணி போடாத கட்டத்தில் வெறும் கம்பிக்கூடு மாதிரி தெரிந்தான். கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் படங்களின் காலத்தில் இதன் மறுபக்கத்தைச் சந்தித்திருக்கிறார்கள். கறுப்பு உடம்புக்கு முன்னால் கறுப்புக் கை வந்தால் கை காணாமல் போய்விடும், மிக்கி மவுஸுக்கு 1929-இல் வெள்ளைக் கையுறை வந்ததற்கு அது ஒரு காரணம். நான் மதிக்கு எதையும் மாட்டவில்லை. கடைக்குள் நடக்கிற கதை என்பதால் சுவரில் தொங்கும் சாவிக்கொத்துகளையும் பூட்டுகளையும் அடர்த்தியான கோட்டில் போட்டு, மதி எங்கே நிற்கிறானோ அங்கே அந்தக் கறுப்பு பின்னால் வருகிற மாதிரி கட்டத்தை அமைத்தேன். சுருளிக்கு நேர்மாறு, அவளுக்குப் பின்னால் எப்போதும் வெளிச்சமான மேசை அல்லது வாசல். யார் எங்கே நிற்க வேண்டும் என்பதையே நிறம் முடிவு செய்துவிடுகிறது.

ஏப்ரன் பையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பை சுருளியின் இடப்பக்கம். பாத்திரத்தில் ஒரு பக்கம் மட்டும் இருக்கிற எதுவானாலும், பை, தழும்பு, வகிடு, அது கட்டாயம் ஒரு நாள் பக்கம் மாறும். எனக்கு நாலு கட்டத்தில் மாறியது, அதில் இரண்டு கணினியில் படத்தைத் திருப்பிப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு மறுபடி திருப்ப மறந்ததால் வந்தவை. படத்தைக் கண்ணாடியில் காட்டியோ கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் திருப்பியோ பார்ப்பது நல்ல பழக்கம், சாய்ந்துபோன கண்ணும் கோணிய தோளும் உடனே பிடிபடும், விடமுடியாது. அதனால் 'பைக்கு மேலே சுருளியின் இடத்தோள்' என்று மாடல் ஷீட்டில் சிவப்பில் எழுதி வைத்தேன். பையை நடுவுக்கு நகர்த்திவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அக்கா மகள் பத்து விநாடியில் பார்த்து ஞாபகம் வைத்தது அந்த ஓரத்துப் பையைத்தான், அதனால் விட்டுவிட்டேன்.

பொருட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெளிர்நீலப் பென்சிலில் 'உ'வும் துணைக்காலும், அதன்மேல் ஹெச்பி பென்சில், அதன்மேல் நீரில் கரையாத மை. வெளிக்கோட்டுக்குப் பிரஷ் பேனா, உள்ளே செதிலுக்கு 0.3 மில்லிமீட்டர் பேனா. ஏ4 தாளில் வரைந்து ஏ5-ஆக அச்சிட எண்ணியதால் எல்லாம் 71 விழுக்காடாகச் சுருங்கும், 0.3 கோடு 0.2-க்கு வந்துவிடும். 0.1 பேனாவில் போட்ட கோடுகள் சோதனை அச்சில் அங்கங்கே காணாமல் போயின, அந்தப் பேனாவை எடுத்து வைத்துவிட்டேன். ஸ்கேன் 600 டிபிஐயில், நீலத்தைக் கணினியில் நீக்கிவிட்டு.

ஐந்தாவது வாரம் மூன்றாம் பக்கத்தைத் திரும்ப வரைந்தேன். சுருளி ஒரு தடவைக்கு 11 நிமிடம் எடுத்தாள். கடைசிக் கட்டத்தில் அளந்தேன், தலை 24, உயரம் 62. இரண்டரைக்கு ஒரு நூல் மேலே. திரும்ப வரைந்த முதல் பக்கத்தோடு வைத்துப் பார்த்தேன், ஒரே ஆள்.

அதன்பிறகு எட்டாம் பக்கம் வரை போய்விட்டேன். ஆறாம் பக்கத்தில் சுருளி பந்தாகச் சுருண்டு கிடக்க, மதி கழுத்தை மடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருகிற கட்டம் ஒன்று உண்டு. அதில் சுருளியின் முகமே கிடையாது, ஏழு பல்லும் வாலின் நாலு பட்டையும் மட்டும்தான். அக்கா மகளிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"சுருளிக்கு ஏன் பயம், சித்தி?"

மதி இறக்கையை விரித்து முதுகைக் காட்டுகிற படம் இன்னும் வரவில்லை. விரித்தால் துணைக்கால் உடைந்துவிடுகிறது. இப்போதைக்குக் கதையில் அவன் பறக்கவில்லை, அடுத்த கதையில் பறக்க வேண்டியிருக்கும், இந்த வாரம் அதற்கான எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.